பச்சைச் சுவரில் ஓர் எழுத்து

டெமா,
பிப்ரவரி 9

அன்புள்ள அராபா அக்காவுக்கு,

உன் இடது காது எப்படி இருக்கிறது? வலது காதை நான் விசாரிக்கவில்லை. அது சிறுவயதிலிருந்தே என் பேச்சைக் கேட்டதில்லை. எனக்கு ஐம்பத்தொரு வயதில் வரவேண்டியதெல்லாம் வந்துவிட்டது. மூச்சு முட்டுவது எனக்கில்லை, என் சட்டைப் பட்டன்களுக்கு.

போனில் பேசினால் நான் சிரித்தே நழுவிவிடுகிறேனாம், இனி காகிதத்தில்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டாய். சரி. குவேகுவின் வேனில் கொடுத்தனுப்புகிறேன். பின்கண்ணாடியில் 'யாருக்குத் தெரியும்' என்று எழுதியிருக்குமே, அதே வண்டி. என் கடிதம் போவதற்கு ஏற்ற வண்டிதான்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. போன வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு தள்ளுவண்டி நிறைய எங்கள் காலித் தண்ணீர்ப் பாக்கெட்டுகளைச் சாக்கடையிலிருந்து அள்ளிவந்து கம்பெனி வாசலில் கொட்டிவிட்டார்கள். எல்லாவற்றிலும் 'எர்மோன் பனி' என்று எங்கள் பெயர். ரேடியோக்காரர்கள் வந்தார்கள். உப்புநீர் விற்றாலும் கலங்காத எங்கள் மேடம் ஒபெங் அன்றைக்குக் கலங்கிவிட்டார். எல்லோரையும் கூட்டினார்.

"பிளாஸ்டிக்க மாத்தணும்னா மெஷின மாத்தணும். மெஷின மாத்த முடியாது. வேற எத மாத்தலாம், சொல்லுங்க" என்றார்.

"வார்த்தைய மாத்தலாம் மேடம்" என்றேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன் அக்கா. ஒருவரும் சிரிக்கவில்லை. பதினெட்டு வருடம் லோடு சீட்டு எழுதிக்கொண்டிருந்த உன் தம்பி மறுநாள் காலையிலிருந்து பசுமை அதிகாரி. தகுதி என்ன என்று கேட்டால், என்னிடம் ஒரு பச்சைச் சட்டை இருந்தது.

பிளாஸ்டிக்கில் கலக்க ஏதோ ஒரு பொடி வந்திருக்கிறது. கலந்துவிட்டால் பை நூற்றெண்பது நாளில் மண்ணோடு மண்ணாகிவிடுமாம். எனவே பாக்கெட்டில் ஓர் இலைப் படம் போட்டு, கீழே நம் ஃபாண்டி மொழியிலேயே பெரிதாக 'ஒபொரோ' என்று எழுதிவிட்டேன். மக்கிப்போகும். ஒரே வார்த்தை. மேடம் அசந்துவிட்டார். முதல் சரக்கில் இருபது மூட்டை உனக்கு அனுப்புகிறேன். மீன் புகைபோடும் கொட்டகைகளில் எல்லாரிடமும் சொல்லு. உன் கொட்டகைச் சுவருக்கும் கம்பெனி செலவில் பச்சை வண்ணமடித்து, அந்த வார்த்தையை எழுதித் தர ஆள் வருவான்.

புகையில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் தம்பி,
எபோ


அன்கோசே,
மார்ச் 12

தம்பி எபோவுக்கு,

நலம். காது அப்படியேதான். நீ நலமென்று உன் எழுத்தின் பருமனே சொல்கிறது.

நீ அனுப்பிய இருபது மூட்டையில் பத்தொன்பதரை என் கொட்டகையில் கிடக்கிறது. ஏன் தெரியுமா? உன் பாக்கெட்டில் மேலே 'தண்ணீர்' என்று இருக்கிறது. நேர் கீழே 'ஒபொரோ' என்று இருக்கிறது. பக்கத்துக் கொட்டகை மான்சாதான் முதலில் வாங்கினாள். வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏ அராபா, தண்ணி அழுகிப்போகும்னு அவங்களே எழுதி விக்கிறாங்க, பாத்தியா? இப்படி ஒரு நேர்மையான கம்பெனிய நான் கண்டதே இல்லடி."

"தண்ணி இல்ல மான்சா, பைதான் மக்கும்."

"அப்ப 'பை'ன்னு எழுத வேண்டியதுதான? நம்ம பேச்சுல அவனுக்கும் 'ஒ', அவளுக்கும் 'ஒ', அதுக்கும் 'ஒ'. எது அழுகும்னு நான் எப்படிக் கண்டேன்? உன் தம்பியே அழுகிப்போவான்னு எழுதியிருக்கானோ என்னவோ."

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க 'அழுகல் தண்ணீர்' என்று பேர் பரவிவிட்டது. உபதேசியார் கோயிலிலேயே சொல்லிச் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நீ எழுதியதாயிற்றே. மறுநாளிலிருந்து ஒவ்வொரு கொட்டகையாக ஏறி இறங்கினேன். ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு பாக்கெட்டைக் கடித்துக் குடித்துக் காட்டினேன். "தண்ணி அழுகாது, பைதான் மக்கும், ஆறே மாசம், மண்ணாப்போயிரும், என் தம்பி அங்கதான் வேல பாக்கறான், அவனே எழுதினது" என்று நாற்பது கொட்டகையிலும் சொன்னேன். தண்ணீர் குடித்தே வயிறு வீங்கிப்போனது.

இப்போது எல்லாரும் வாங்குகிறார்கள். சுவருக்கும் பச்சை அடித்துவிட்டுப் போனான். கடலில் இருந்து பார்த்தால்கூட உன் வார்த்தை தெரிகிறது என்று படகுக்காரர்கள் சொல்கிறார்கள்.

வேளைக்குச் சாப்பிடு. அதிகம் சாப்பிடாதே.

அராபா


டெமா,
மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வயிறு இறங்கிற்றா? உன் கடிதத்தை மேடத்துக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்ததை நான் பார்த்ததில்லை, இன்று பார்த்தேன். பயமாக இருந்தது. அடுத்த அச்சில் 'பை' என்ற வார்த்தையைச் சேர்த்துவிட்டோம். "நாப்பது கொட்டகை ஏறினாங்களா உங்க அக்கா? அவங்க ஃபோட்டோவ பாக்கெட்ல போடலாமா?" என்று கேட்கிறார். உன் முகத்தைப் பார்த்தால் தண்ணீரும் உறைந்துவிடும் என்று சொல்லித் தடுத்து வைத்திருக்கிறேன்.

எனக்குச் சக்கரம் வைத்த நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். காலை உந்தினால் சுழல்கிறது. உன் தம்பி காலை முழுக்க அதைத்தான் செய்கிறான்.

போன சனிக்கிழமை கடற்கரையைச் சுத்தம் செய்தோம். இரண்டு பெரிய குப்பைத்தொட்டி, இரண்டிலும் கம்பெனி பெயர். மேடம் துடைப்பத்தோடு நின்றார், படம் எடுத்தார்கள், வந்தவர்களுக்கெல்லாம் தாகத்துக்குப் பாக்கெட் கொடுத்தோம், குடித்துவிட்டு அங்கேயே போட்டார்கள். திரும்பும்போது தொட்டிகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டோம். அடுத்த வாரம் வேறு கடற்கரையில் வேண்டுமாம்.

சொல்லியே ஆகவேண்டிய ஒன்று: நம் உபதேசியாரை டெமா சந்தையில் பார்த்தேன். தலைக்குக் கறுப்புச் சாயம் வாங்கிக்கொண்டிருந்தார். மூன்று டப்பா. இது நமக்குள் இருக்கட்டும்.

உன் எபோ


அன்கோசே,
ஏப்ரல் 10

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாயிருப்பாய்.

ஒரு காரியம் கேட்க வேண்டும். கடற்கரைச் சாலைக்குக் கீழே ஓடையைக் கடத்திவிடும் கல்மதகு இருக்கிறதே, அதற்கு மேல்பக்கம் உள்ள பள்ளம் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட இடம். முன்பெல்லாம் பாக்கெட்டுகளை மூட்டை கட்டிக் குப்பை வண்டிக்குப் போடுவோம். இப்போது எல்லாரும் அந்தப் பள்ளத்தில் போடுகிறார்கள். கொட்டகைப் பெண்கள் கூடி முடிவு செய்ததுதான். "எப்படியும் மக்கிரும்னு அராபா சொன்னாளே, பள்ளமும் தூந்துபோகும், அங்கயே வாழை வைக்கலாம்" என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

நேற்றுப் போய்ப் பார்த்தேன். இடுப்பளவுக்கு இருக்கிறது. மேலாகக் கிடப்பது வெயிலில் உதிர்கிறது, கையில் எடுத்தால் பொடிப்பொடியாகிறது. அடியில் கிடப்பது போட்டது போட்டபடி இருக்கிறது. மதகின் வாய்க்கே வந்துவிட்டது.

மே கடைசியில் மழை பிடிக்கும். மதகு அடைத்துக்கொண்டால் ஓடை எங்கே திரும்பும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் மான்சாவின் அடுப்புகள், அடுத்து என்னுடையவை. மக்கும் என்றால் சும்மா இருப்போம். மக்காது என்றால் மழைக்கு முன்னே அள்ள வேண்டும். அதற்கு ஊர் முழுக்க இறங்கினால்தான் ஆகும், ஊரை இறக்க எனக்கு உன் ஒரு வார்த்தை வேண்டும்.

எபோ, அது மக்குமா, மக்காதா?

அராபா


டெமா,
ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமென்று படித்ததும் எனக்குப் பசி எடுத்துவிட்டது. அந்த அளவுக்கு நிம்மதி.

பள்ளத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தப் பல் இன்னும் அங்கேதான் எங்கோ இருக்கிறது, அதுவும் மக்கியிருக்காது. மேலாக உள்ளது உதிர்கிறது என்றால் நல்ல சகுனம்தானே? பொடிக்காரர் ஒரு தாள்கட்டு கொடுத்திருக்கிறார், பரிசோதனை விவரமெல்லாம் அதில் இருக்கிறது. மொத்தம் பதினொரு பக்கம். நான் பத்துப் பக்கம் படித்துவிட்டேன். ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறார்கள்.

இங்கே மேடத்தின் மருமகனுக்கும் டிரைவர்களுக்கும் சண்டை. அவர் வேலைக்கு வந்த முதல் நாளே ஹாரனைப் பாட்டு ஹாரனாக மாற்றிவிட்டார். லாரி வந்தால் ஜெப வீடே வருவதுபோல் இருக்கிறது. நாய்கள்கூட எழுந்து நிற்கின்றன. ஜூன் தொடக்கத்தில் அக்ராவில் பெரிய விழா, 'ஆண்டின் பசுமை நிறுவனம்' விருது. எங்கள் பெயரும் பட்டியலில் இருக்கிறது. மேடையில் யார் பேச வேண்டும் என்று நினைக்கிறாய்? சட்டையை இஸ்திரி போடக் கொடுத்திருக்கிறேன்.

மான்சாவை விசாரித்ததாகச் சொல். வாய்க்கு ஓய்வு கொடுக்கச் சொல்.

எபோ


அன்கோசே,
மே 4

எபோ,

உடம்பு பரவாயில்லை.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். ஹாரன் இருக்கிறது, நாய் இருக்கிறது, சட்டை இருக்கிறது. நான் கேட்டது இல்லை.

பள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளே நான் ஒன்று செய்தேன். கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழி தோண்டி, கென்கிச் சோள உருண்டை சுற்றியிருந்த வாழைச்சருகையும் உன் பாக்கெட்டையும் ஒன்றாகப் புதைத்தேன். இன்று காலை மான்சா முன்னால் தோண்டினேன். சருகைக் காணோம், கறுப்பு மண்தான் இருக்கிறது. உன் பாக்கெட்டைக் கழுவினேன். இலைப் படம் புதைத்தபோது இருந்ததைவிடப் பளிச்சென்று இருக்கிறது. மான்சா சொன்னாள்: "வாழச்சருகுல ஒருத்தனும் ஒண்ணும் எழுதல பாரு. அது பாட்டுக்கு மக்கிருச்சு."

மற்றவர்களைக் கூப்பிட்டால், "நூத்தெண்பது நாளுன்னு நீதான சொன்ன, இன்னும் நாள் கிடக்கே" என்கிறார்கள். என் வாயால் போட்ட பூட்டு, என் கையால் திறக்க மாட்டேன் என்கிறது. எழுதியவன் சொன்னால் கேட்பார்கள்.

பதினோராம் பக்கத்தில் என்ன இருக்கிறது?

அராபா


அன்கோசே,
மே 15

எபோ,

போனையும் நீ எடுப்பதில்லை. குவேகு மூன்று தரம் வெறுங்கையோடு வந்துவிட்டான். "அண்ணன் கையாட்டினாரு அக்கா, காகிதம் ஒண்ணும் குடுக்கல" என்கிறான்.

நானும் மான்சாவும் இரண்டு பேராக அள்ளிக்கொண்டிருக்கிறோம். இரண்டு கூடை அள்ளினால் நான்கு கூடை வந்து விழுகிறது. கடல் பக்கம் கறுத்திருக்கிறது.

உனக்கு உடம்புக்கு ஏதுமில்லையே?

அராபா


டெமா,
மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஏதுமில்லை.

அது மக்காது.

பதினோராம் பக்கத்தில் மூன்றே வரிகள். வெயில் படும் இடத்தில் உதிர்ந்து சிறு துண்டுகளாகும். மண்ணுக்குள்ளும் நீரிலும் மாறுதல் காணப்படவில்லை. ஆகையால் மக்கும் என்று விளம்பரத்தில் சொல்லக் கூடாது. இதை நான் ஏப்ரலில், உன் கேள்வி வருவதற்கு முன்பே படித்துவிட்டேன். பத்துப் பக்கம் என்று எழுதியது பொய். அதற்கும் முன்னால், மார்ச்சிலேயே, கம்பெனி வாசல் பூந்தொட்டியில் ஒன்றைப் புதைத்து வைத்தேன். தினமும் காலையில் விரலால் கிளறிப் பார்ப்பேன். வாட்ச்மேன் எனக்குப் பூச்செடிமேல் ஆசை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சக்கர நாற்காலிதான் காரணம் என்று எழுதிப் பார்த்தேன். வேடிக்கையாக இருந்தது, அடித்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக நான் எழுதிய ஒரு வார்த்தையை ஊரே வாசித்தது அக்கா. அது பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தைக் கொட்டகையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டு. எழுதியவனே சொல்கிறான் என்று சொல். மழைக்கு முன்னால் அள்ளிவிடுங்கள்.

எபோ


அன்கோசே,
ஜூன் 4

தம்பி எபோவுக்கு,

நான் நலம். காதும் நன்றாக இருக்கிறது. மழைச் சத்தம் நன்றாகக் கேட்டது.

உன் கடிதம் நேற்று, ஜூன் 3ஆம் தேதி மத்தியானம் கிடைத்தது. நனையாமல் இருக்க நீ அதை ஒரு எர்மோன் பனி பாக்கெட்டுக்குள் சுருட்டி வைத்திருந்தாய். நனையவில்லை. நல்ல பை.

மழை மே 29ஆம் தேதி காலையில் பிடித்தது. பத்து மணிக்குள் மதகு அடைத்துக்கொண்டது. மான்சா கையாலேயே இழுத்துப் போட இறங்கினாள். நான் வேண்டாமென்று கத்தினேன். "உனக்குத்தான காது கேக்காது, எனக்கும் கேக்கலன்னு வச்சுக்க" என்றாள். மதகுக்கல் சரிந்து அவள் வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவள் அடுப்புகள் ஐந்தும் போயின. என்னுடையதில் இரண்டு. கொட்டகைகளுக்குள் ஓடை வந்துபோன இடமெல்லாம் உன் இலைதான் ஒட்டிக்கிடக்கிறது.

உன் கடிதத்தில் தேதி மே 20 என்று இருக்கிறது. குவேகு நேற்றுக் காலையில்தான் நீ கையில் கொடுத்ததாகச் சொல்கிறான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.

அராபா


டெமா,
ஜூன் 9

அக்காவுக்கு,

மான்சாவுக்கு வலி எப்படி இருக்கிறது? உன்னை விசாரிக்க எனக்கு முகமில்லை. அவளை விசாரிக்கவும் இல்லைதான்.

நீ கேட்கவில்லை. சொல்கிறேன். மே 20ஆம் தேதி கடிதத்தை எழுதி, வியர்வை படாமல் பாக்கெட்டில் சுருட்டி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேன் நிறுத்தத்துக்குப் போனேன். குவேகு வண்டியை எடுத்துக்கொண்டிருந்தான். கையாட்டினேன், திரும்பிவிட்டேன். விருது ஜூன் 2ஆம் தேதி. அதற்குள் ஊரில் வாசித்து, யாராவது ரேடியோவுக்குச் சொல்லிவிட்டால்? விழா முடியட்டும், மறுநாள் கொடுத்துவிடலாம், மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மே 29ஆம் தேதி இங்கேயும் பெய்தது. ஆபீஸ் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதம் நெஞ்சுக்கு நேராக இருந்தது. மேடையிலும் அப்படித்தான். பச்சைச் சட்டையில் நின்று, அதே பையைத் தொட்டுக்கொண்டு, நம் மண்ணைப் பற்றி ஆறு நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள்.

உன் கடிதம் வந்ததும் பதினோராம் பக்கத்தை மேடத்தின் மேசைமேல் வைத்தேன். "ஒரே ஒரு எழுத்து மேடம். 'ஒபொரோ'வுல ஒரு 'ம்' சேத்தா 'ஒம்பொரோ'. மக்காதுன்னு ஆயிரும். அப்ப நாம அச்சடிக்கிறது உண்மையாயிரும்" என்றேன்.

அவர் தாளைப் பார்க்கவே இல்லை. "ஒரு எழுத்துக்காக அச்சு உருளைய மாத்தறதா? எபோ, பசுமை உங்க உடம்புக்கு ஒத்துக்கல. நாளைலேருந்து லோடு சீட்டுக்கே போயிருங்க" என்றார். போய்விட்டேன். இங்கே மர நாற்காலி. ரேடியோவுக்கு அந்தப் பக்கத்தை நகலெடுத்து அனுப்பிவிட்டேன். அது ரேடியோவில் வந்துவிட்டால் இந்த மர நாற்காலியும் இருக்காது. இதுவரை அங்கிருந்து ஒரு பதிலும் இல்லை. பதில் வராமல் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

எபோ


அன்கோசே,
ஜூலை 6

தம்பி எபோவுக்கு,

நலம். மான்சா வீட்டுக்கு வந்துவிட்டாள். கட்டு பிரிக்க இன்னும் ஒரு மாதமாகும். இனி பழைய நடை வராது என்று டாக்டர் சொன்னார். அவள் அதை இன்னும் நம்பவில்லை. நான் நம்பிவிட்டேன்.

நீ சொன்னபடி வாசித்துக் காட்டினேன். ஆனால் ஒன்றை மட்டும் அல்ல, பிப்ரவரியிலிருந்து எல்லாவற்றையும். நாற்பது கொட்டகைக்கு நான் சொன்ன பொய்க்கும் கணக்குத் தெரிய வேண்டுமல்லவா? பாதியில் உபதேசியாரின் மூன்று டப்பாவும் வந்துவிட்டது. அவர் முன்வரிசையில்தான் இருந்தார். இப்போது தொப்பியோடு கோயிலுக்கு வருகிறார். உன்னைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஒரு ஆளாவது மிச்சம் இருந்தது, அதுவும் போயிற்று.

பள்ளத்தை ஊரே இறங்கி அள்ளுகிறது. பாதிதான் ஆகியிருக்கிறது. உதிர்ந்தவற்றை அள்ள முடியவில்லை. ஓடையோடு கடலுக்குப் போய்விட்டன. வலையில் மீனோடு ஏறி வருகின்றன.

ஆகஸ்டில் அக்வாம்போ திருவிழா. வழக்கம்போல ஓடைக்குப் போகும் பாதையை வெட்டித் துப்புரவாக்கக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று அளந்து விட்டிருக்கிறார்கள். மதகிலிருந்து பள்ளத்தின் முனை வரை உள்ளது நம் பங்கு. அதில் ஒருவரும் கை வைக்கவில்லை. சண்டை உள்ளவர்கள் பாதை வெட்டுவதற்கு முன்னால் நேருக்கு நேர் நின்று பேசித் தீர்க்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். மான்சா கட்டிலில் இருந்தபடியே பேசுவாளாம். நீ நிற்க வேண்டும்.

கொட்டகையில் உன் பச்சைச் சுவர் மட்டும் விழாமல் நிற்கிறது. நீ அந்த 'ம்' பற்றி எழுதியதை வாசித்ததும் பெண்கள் கரித்துண்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். மான்சாதான் ஆள் அனுப்பி நிறுத்தினாள். "எழுதுனவன் வந்து எழுதட்டும். ஏணிய நான் பிடிக்க முடியாது, அராபா பிடிப்பா" என்றாளாம். அதனால் இரண்டாவது எழுத்திலிருந்து சுரண்டி எடுத்து, ஒரு சாண் தள்ளித் திரும்ப எழுதி, நடுவில் இடம் விட்டிருக்கிறோம்.

வண்ணம் நீ கொண்டு வா. பச்சை வேண்டாம். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே, வந்துவிடு.

அராபா